எடைக்கல்லைத் துடைத்துக் கொடுத்தவள்

காலை ஏழு மணி பத்து நிமிடம். செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் முதலில் பார்த்தது ஒரு பல். பனியில் நனைந்திருந்த சிமென்ட் தரையில் வேரோடு கிடந்தது. முன்பல். இரண்டடி தள்ளி அதன் சொந்தக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் பித்தான் வரிசை முழுக்க ரத்தம். அவருக்கு எதிரே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தாள். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். கையில் இரும்பு எடைக்கல்.

கல்லைத் துப்பட்டாவில் துடைத்தாள். பக்கத்தில் மிளகு மூட்டைகளோடு தராசு வைத்திருந்தவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்கண்ணா, உங்க கல்லு."

அவர் கை நீட்டவில்லை. "அப்படியே கீழ வெச்சுரு சாமி," என்றார்.

பஸ் கண்டக்டர் படியில் நின்றபடி, "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்கு வாறவங்க முன்னால ஏறிக்கோங்க, சீட்டு இருக்குது," என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு நாமக்கல் நிருபர். முந்தைய நாள் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மரவள்ளிக் கிழங்கு லாரி கவிழ்ந்த செய்திக்காக மலைக்கு வந்திருந்தேன். நான் குறிப்பேட்டை எடுத்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"பேப்பருங்களாக்கா?"

"ஆமா."

"அப்பச் சரியா எழுதிக்கோங்க. ஒரு கிலோக் கல்லுன்னு இவங்க சொல்லுவாங்க. ரெண்டு கிலோ. அடிச்சது நான்தான். அடி வாங்குனவன் என்ற கொழுந்தன். ரெண்டாவது அடிக்கு நகந்துட்டான்."

காவல் நிலையத்திலும் இதையேதான் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்தி, "ஏம்மா, அவரு உன்னய ஏதாச்சும் பண்ணுனாரா? கையப் பிடிச்சு இழுத்தாரா?" என்று வழி காட்டிப் பார்த்தார். "இவனா? என்னயவா?" என்று கேட்டாள். ஏட்டு மறுபடியும் எழுத ஆரம்பித்தார். பல்லை ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு மேசையில் வைத்திருந்தார்கள்.

அவள் யாரையும் திட்ட மாட்டாள். திட்டுவதற்கு ஆகும் நேரத்தில் அடித்துவிடுவாள். பல ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்பார்கள். திருப்புலி நாட்டில் அவளுடைய ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரு கதை இருந்தது. உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தபோது, தன் சோப்பைத் திருடிய பெரிய பெண்ணின் மண்டையைச் சாப்பாட்டுத் தட்டால் பிளந்தது. சந்தைக்குப் போகும் பஸ்ஸில் இடுப்பில் கை வைத்தவனின் விரலைக் கடித்து, அவன் அலறிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கியது. சொல்கிறவர்கள் எல்லோரும் தாங்களே அடித்ததைப் போல மகிழ்ச்சியோடு சொன்னார்கள். அவளுடைய அம்மாவுக்கு அந்தக் கதைகள்தான் சொத்து. "எம்புள்ளய எவனும் தொட முடியாதுங்க. தொட்டா கைய ஒடிச்சுருவா," என்று புதிதாக வருகிற எவரிடமும் சொல்லிவிடுவார்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. யாராவது பேசினால் முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்பாள். சீமைக்குப் போய் வந்த திமிர் என்றார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அடிதான் அவளுக்குக் கல்யாணத்தையும் கொண்டுவந்தது. சேலத்தில் நர்சிங் முடித்து, கோவையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். குடித்துவிட்டு வந்து நோயாளி ஒருவரின் மனைவியை இழுத்த ஆளை, சலைன் பாட்டில் தொங்கும் கம்பியால் வார்டுக்கு நடுவில் வைத்து அடித்தாள். பக்கத்துக் கட்டிலில் தன் அப்பாவைச் சேர்த்திருந்தவன் அதைப் பார்த்துக் கைதட்டினான். அடிவாரத்துக் கிராமத்துக்காரன். பிரிட்டனுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையில் அமர்ந்து, அந்த நாட்டுக் குடிமகன் ஆனவன். கட்டினால் இப்படிப்பட்ட பெண்ணைத்தான் கட்ட வேண்டும் என்று தன் வீட்டில் சண்டை போட்டு அவளைக் கட்டிக்கொண்டு போனான்.

அந்த நாட்டுக்கு மனைவியாகப் போகிறவர்களுக்கு ஐந்து வருடம் ஒரு கயிற்றில் நடப்பது மாதிரி. விசாவை நடுவில் ஒருமுறை நீட்டிக்க வேண்டும். கணவனின் சம்பளத்தைக் காட்ட வேண்டும். ஒரே வீட்டில்தான் வாழ்கிறோம் என்பதற்கு இருவர் பெயருக்கும் வந்த கடிதங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வு ஒன்று, அந்த நாட்டின் வரலாறு பற்றி இன்னொன்று. எல்லாம் முடிந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைக்கும்வரை அவள் அங்கே இருப்பது கணவனின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான். கிடைத்த பிறகு அவன் தேவையில்லை. இது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "ஒரு மெயில் போட்டன்னா நீ மலைக்குப் பார்சல்," என்பது அவன் அடிக்கடி சொல்கிற வாக்கியம்.

வரலாற்றுத் தேர்வில் அவள் முதல் தடவையிலேயே தேறியிருந்தாள். "எட்டாம் ஹென்றின்னு ஒரு ராஜாவுங்கக்கா. ஆறு பொண்டாட்டி. ரெண்டு பேரு தலைய வெட்டிப்போட்டான். அதப் படிச்சுப் பாஸ் பண்ணுனாத்தான் பொண்டாட்டிகள அங்க இருக்க விடுவாங்களாம்," என்றாள். அவள் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

ஐந்து வருடம் முடியச் சில வாரங்களே இருந்தபோது அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கணவன் தானாகவே டிக்கெட் எடுத்தான். நான்கு வயது மகளோடு மூவரும் மலைக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் காலை, "புள்ளைக்கு எங்கூட்டக் காட்டிட்டுச் சாயங்காலம் வந்துர்றேன்," என்று குழந்தையைக் காரில் ஏற்றினான். வழியில் பசிக்குமே என்று அவள் வெந்த மரவள்ளிக் கிழங்கை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். பாஸ்போர்ட்டுகள் இருந்த பை காரின் பின்சீட்டிலேயே இருந்தது. கார் வளைவுகளில் இறங்கிப் போனது. மறுநாள் அவளுடைய போனுக்கு ஒரு படம் வந்தது. விமான இருக்கையில் தூங்கும் குழந்தை. மடியில் அந்த டப்பா.

அதற்குப் பிறகு ஊர் ஒரு தவறு செய்தது. அந்த மலைக்காரர்கள் மட்டுமே செய்திருக்கக்கூடிய தவறு.

அவளுடைய ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிவதென்றால் கோர்ட்டுக்குப் போவதில்லை. கோயில் முன்னால் ஊர் கூடும். காய்ந்த துரும்பு ஒன்றின் இரண்டு முனைகளையும் இருவரும் பிடித்து முறிப்பார்கள். முறித்துவிட்டால் பொழுது இறங்குவதற்குள் ஒருவர் பொருள் இன்னொருவரிடம் இருக்கக் கூடாது. தாலி, துணி, பாத்திரம், அரிவாள் எல்லாம் திரும்பிப் போய்விடும். பெற்ற பிள்ளைகள் அப்பன் பக்கம். பொருளைத் திருப்பித் தராமல் ஏமாற்றியவர் என்று ஒருவரைக்கூட ஊரில் எவராலும் சொல்ல முடியவில்லை.

அந்த ஒரு நம்பிக்கையில்தான், கணவனின் தம்பி ஆள்களோடு வந்து, "அண்ணனுக்குப் பதிலா நான் பிடிச்சுக்கறேன், தீத்து உட்ருங்க," என்று கேட்டபோது ஊர் சம்மதித்தது. துரும்பு முறிந்தால் பாஸ்போர்ட் வந்தாக வேண்டும். அது அவள் பொருள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் அவளுக்குப் பெரியப்பா முறை. அவர் ஒன்றை மட்டும் நினைவூட்டினார்.

"புள்ள அப்பன் பக்கம் போயிருமே சாமி."

"பாஸ்போர்ட்டு என்ற கைக்கு வரட்டும் பெரியப்பா. புள்ள எந்தப் பக்கம்னு நான் போய்ப் பாத்துக்கறேன்."

துரும்பை முறித்தது அவள்தான். கொழுந்தன் பிடிக்கும் முன்பே இழுத்து முறித்து அவன் முகத்தில் எறிந்தாள். தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். கணவன் விட்டுப்போன இரண்டு சட்டைகளையும் ஷேவிங் செட்டையும் மடித்துக் கொடுத்தாள். பொழுது இறங்கியது. கொழுந்தன் ஒன்றும் தரவில்லை. "எங்கிட்ட என்னங்க இருக்குது? எல்லாம் அண்ணங்கிட்டத்தான்," என்றான். கூட வந்தவன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தான்.

அந்த வீடியோ பிரிட்டனுக்குப் போனது. அவளே ஊரைக் கூட்டித் தாலியைக் கழற்றி எறிந்தாள், குழந்தையையும் வேண்டாம் என்றாள் என்று கணவன் அங்கே விசா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தான். கொழுந்தன் மிளகு வியாபாரி. வாரம் ஒருமுறை கொள்முதலுக்குச் செம்மேட்டுக்கு வருவான். அன்று காலை ஏழு மணிக்கு அவளைப் பார்த்ததும், "வீடியோல நல்லாத்தான் நடிச்சிருக்கற. லண்டன் ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்களாம்," என்று சொல்லியிருக்கிறான். எடைக்கல் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

என் பத்திரிகையில் அது நான்கு வரிச் செய்தி. இரண்டு கிலோ என்று சரியாகவே வந்திருந்தது.

அதனால்தான் அவள் என்னைக் கூப்பிட்டாள். கணவனால் அடிக்கப்பட்டு, வெளிநாட்டில் கொண்டுபோய் விடப்பட்ட மனைவி அங்கிருந்தே நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்க அந்த நாட்டில் இப்போது வழி இருக்கிறது. அங்கே இலவசமாக வாதாடும் ஒரு வழக்கறிஞரை அவளே தேடிப் பிடித்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. ஆங்கிலம் இவளுக்கு நன்றாகவே வரும். தன் வாக்குமூலத்தைத் தானே எழுதி அனுப்பினாள். அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஒரு பாறை. அதன் மேல் நின்றால்தான் போனில் சிக்னல். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாறையில் வைத்தாள். வழக்கறிஞரின் குரல் வந்தது.

"தங்கச்சி, நீர் எழுதினதை வாசிச்சன். இதை ஆரும் வாசிச்சா அவர்தான் பாதிக்கப்பட்ட ஆள் எண்டு நினைப்பினம். அவற்ற கையை முறிச்சது இருக்கு. கண்ணாடியை உடைச்சது இருக்கு. அவர் உமக்கு என்ன செய்தவர் எண்டு ஒரு வரிகூட இல்லை."

"அவன் என்ன செஞ்சா என்னங்க? நான் என்ன செஞ்சேங்கறதுதானே கேள்வி?"

"இல்லையம்மா. அது கேள்வியே இல்லை. பக்கத்தில ஆரோ நிருபர் எண்டீரே, அவவைக் கேள்வி கேக்கச் சொல்லும்."

நான் கேட்டேன். ஏன் கையை ஒடித்தாய் என்றேன். "சப்பாத்திக் கட்டையில," என்றாள். எதால் என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்டேன் என்றேன். எழுந்து மரத்திலிருந்து ஒரு மிளகுச் சரத்தை உருவிக் கசக்கினாள். "கோவம் வந்துச்சு, ஒடிச்சேன்," என்றாள். அன்று பொழுது இறங்கும்வரை கேட்டும் எனக்குக் கிடைத்ததெல்லாம் அவள் அடித்த அடிகள்தான். அவற்றை அவள் இடம், பொருள், விளைவோடு சொன்னாள். இன்னொரு பக்கத்துக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டாள். தன்னை ஒருவன் அடித்தான் என்று சொல்வதைவிட, தான் கொலை செய்ததாகச் சொல்வது அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"குழந்தை அப்ப எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

கசக்கிய மிளகைக் கீழே போட்டாள். "மேசைக்கு அடியில," என்றாள்.

போனிலிருந்து வழக்கறிஞர், "தங்கச்சி, கையை முறிச்ச கதை பிறகு பிள்ளையின்ர வழக்கில வரும். யோசியும்," என்றார்.

"வரட்டுமுங்க. நடந்ததுதானே."

துரும்பு முறித்தது எதற்காக என்று விளக்க ஊர்க்கவுண்டரின் சாட்சியும் வேண்டியிருந்தது. அவர் தனியாகச் சொல்ல மாட்டார். ஊரைக் கூட்டித்தான் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் கூடினார்கள். பக்கவாதம் வந்த அப்பாவையும் நாற்காலியில் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். போன தடவை நடந்தது செல்லாது என்றார் ஊர்க்கவுண்டர். புருஷன் பிடிக்காத துரும்பு துரும்பே இல்லை, பொருள் திரும்பாத தீர்வு தீர்வும் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன் சாமி, ஊரு முன்னால சொல்லிப்போடு. அவன் உன்னய அடிச்சானா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவளுடைய அம்மா எழுந்துவிட்டார்.

"யாரப் பாத்து என்னங்க மாமா கேக்கறீங்க? எம்புள்ளயவா? அவன் கைய ஒடிச்சவளுங்க இவ! இவளத் தொட்டுட்டு ஒருத்தன் முழுசா வந்துருவானா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பெருமையான சிரிப்பு. பஸ்ஸில் விரல் கடிபட்டவன் கதையை ஒருவர் மறுபடியும் ஆரம்பித்தார். வழக்கறிஞருக்கு அனுப்ப நான் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு அப்படியே பதிவாகிக்கொண்டிருந்தது. அவள் என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"உக்காரும்மா," என்றாள். "அடிச்சான்."

சிரிப்பு நிற்கச் சிறிது நேரம் பிடித்தது.

"கல்யாணம் ஆன மூணாம் மாசத்துல இருந்து அடிச்சான். புள்ள வயித்துல இருக்கறப்ப மாடிப்படியில தள்ளி உட்டான். கெட்டில்ல கொதிக்கற தண்ணிய முதுகுல ஊத்துனான். தோசைக்கல்லுல காதோட சேத்து அடிச்சான், இந்த இடது காது கேக்காது, அதுக்குத்தான் மூஞ்சியத் திருப்பறேன், திமிருன்னு சொல்லறீங்களே, அதுதான். கதவுச் சந்துல என்ற கைய வெச்சுச் சாத்துனான்."

இடது கையைத் தூக்கிக் காட்டினாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியபடியே இருந்தன. அத்தனை நாள் அந்த ஸ்வெட்டரின் நீளமான கைக்குள் அவை இருந்ததை நான் கவனித்திருக்கவில்லை. திரும்பி நின்று, கழுத்துப் பக்கம் துணியைக் கொஞ்சம் இறக்கினாள். தோள்பட்டையிலிருந்து கீழே தோல் சுருங்கி வழவழப்பாக இறங்கியது. ஊர்க்கவுண்டர் தரையைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த அப்பா ஏதோ சொல்ல முயன்றார். அவர் வாயில் வார்த்தை திரளவில்லை.

"நான் அவனத் திருப்பி அடிச்சது ஒருக்காத்தான். ஒரே ஒருக்கா. அதையேதான் எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டு இருந்தேன்."

அம்மா கூட்டத்தைத் தாண்டி வந்து அவளை அறைந்தார். முழுக் கையால், இடது கன்னத்தில். "ஏண்டி சொல்லல? ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" மறுபடியும் அறைந்தார். மூன்றாவது அறையில் அவள் உதடு கிழிந்தது. இரண்டு பெண்கள் ஓடி வந்து அம்மாவை இழுத்தார்கள். அவள் கைகள் இரண்டும் தொடையை ஒட்டியே இருந்தன. நகரக்கூட இல்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "இதையும் எழுதிக்கோங்கக்கா, வேணாட்டி உட்ருங்க," என்றாள்.

அம்மா தரையில் உட்கார்ந்து தன் கையையே கல்லில் அடித்துக்கொண்டார். அவள்தான் போய்ப் பிடித்து நிறுத்தினாள்.

அன்று ஊர் இன்னொன்றும் முடிவு செய்தது. கொழுந்தனின் தராசில் இனி மலை மிளகு ஏறாது. அதை அவர்கள் சத்தமில்லாமல் செய்தார்கள். அறுவடை தொடங்கியிருந்த நேரம். அடுத்த வாரம் அவன் தராசை வைத்துக்கொண்டு செம்மேட்டில் காலையிலிருந்து வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கடையில் வரிசை நின்றது. அதற்கு அடுத்த வாரம் மலையிலேயே வேறு நாட்டு ஊர்களில் போய்க் கேட்டுப் பார்த்தான். அங்கேயும் செய்தி போயிருந்தது. ஒரு ஊரில் அவன் வேன் கண்ணாடியை உடைத்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவள் அன்று சென்னையில் விசா மையத்தில் கைரேகை கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். மிளகுக் காலம் முடியும் முன் அவன் பல் வழக்கைத் திரும்பப் பெற்றான்.

பழைய பாஸ்போர்ட்டைக் கணவன் கடைசிவரை தரவில்லை. பறித்துக்கொண்டதாகப் புகார் எழுதிப் புதியது வாங்கினாள்.

பதில் வர நாளானது. அந்த நாள்களில் இரண்டு முறை மலைக்குப் போனேன். ஒருமுறை மரவள்ளிக் காட்டில் காட்டுப்பன்றியை வெட்டிக் கொன்றிருந்தாள். இன்னொரு முறை, மனைவியை அடிக்கிறான் என்று கேள்விப்பட்ட பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் வீட்டுக்குப் போய்த் பலமாக நான்கு அடி கொடுத்துவிட்டு, அவன் மனைவியிடம், "நீ வாயத் தொறந்து சொல்லோணும். அடிக்கறது அப்பறம்," என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதைச் சொன்னது அந்த மனைவி. இவள் சொல்லவில்லை.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அங்கே நிரந்தரமாக வாழலாம், வேலை செய்யலாம், எவருடைய பெயரையும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. செம்மேட்டில் பஸ் ஏற வந்தவளிடம் மிளகுக் கடைக்காரர், "இந்தக் கல்லையும் எடுத்துட்டுப் போறயா சாமி?" என்று கேட்டார். "ஏரோப்ளேன்ல விட மாட்டாங்கண்ணா," என்றாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்கும் காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா கீழே நின்று பஸ் கிளம்பும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்த நாட்டின் வடக்கே ஒரு ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கு அங்கே நடந்தது. அவளுடைய வாக்குமூலத்தைக் கணவனின் வழக்கறிஞரும் வாசித்தார். அவன் கையை ஒடித்தபோது மேசைக்கு அடியில் குழந்தை இருந்த இடம்வரை. குழந்தை அப்பன் பக்கமே என்று தீர்ப்பானது.

சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், அரசு நியமித்த ஒருவர் அறையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்க, அவள் தன் மகளைப் பார்க்கிறாள்.